பேப்பர் ஆடுதா?

துறையூரில் அந்த மாடி அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை சுவரில் தொங்கிய இரண்டு பழைய ஜமுக்காளங்கள். எதிரொலியை அடக்கவாம். தையல் மிஷின் மேல் இரண்டு செங்கல், அவற்றில் சாய்த்து வைத்த செல்போன். ஸ்டூடியோ அவ்வளவுதான். தனியார் கல்லூரியில் பாடம் நடத்திய மிஸ், இப்போது மாலை ஏழு மணிக்குமேல் இங்கிருந்து வீடியோவில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறார்.

அன்று ஒன்பது பேர். சிங்கப்பூர் வேலைக்குக் காத்திருக்கும் ஒரு டிரைவர் அண்ணன், மருந்துக்கடையில் நிற்கும் ஒரு பெண், மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். பாதிப் பேர் கேமராவை அணைத்திருந்தார்கள். கூச்சம் என்று நினைத்தேன். "டேட்டா மிச்சம் பிடிக்கிறாங்க" என்றார் மிஸ்.

"ஷி வொர்க் இன் எ ஷாப்," என்றாள் மருந்துக்கடைப் பெண்.

மிஸ் நெற்றியைச் சுருக்கினார். 'வொர்க்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' எங்கே போனது? அவள் விழுங்கினாளா, நெட்வொர்க் விழுங்கியதா?

இந்தத் தொழிலின் சிக்கலே இந்த இடத்தில்தான். 'செய்கிறாள்' என்னும்போது 'ஆள்' என்று ஓர் அசையே நின்று ஆளைக் காட்டிவிடும். ஆங்கிலம் அந்த வேலையை ஒரு சீறலிடம் கொடுத்திருக்கிறது. அந்தச் சீறலின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய தொலைபேசி கடத்தியதோ 3,400 வரைதான்; அதனால்தான் நம் அப்பாக்கள் போனில் 'எஸ் ஃபார் சேலம்' என்று கத்தினார்கள். சிக்னல் இளைத்தால் இன்றைய செயலிகளிலும் முதலில் அடிபடுவது இதுபோன்ற மெல்லிய ஒலிகளே. தமிழர் நாக்கு எதை விடுகிறதோ, அதையே கருவியும் விடுகிறது! இலக்கணம் எழுதிப்போடும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக்கிடக்கின்றன. இந்த 'ஸ்'ஸைத் துரத்த ஓர் ஆள் காது கொடுக்க வேண்டும்.

"வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பும்மா, ராத்திரி கேக்கறேன்." பதிவு செய்து அனுப்பினால் வழியில் எதுவும் உதிராது. வகுப்பு முடிந்தபின் ஹெட்செட் மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். கட்டணத்தில் இந்த நேரத்துக்குக் கணக்கில்லை.

தன் காதை நம்ப முடியாத இடங்களில், சோதனையை மாணவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். தொண்டையில் விரல் வைத்தால் 'பஸ்' என்பதன் முடிவில் அதிர்வு இருக்காது; தேனீயின் 'பஸ்ஸ்' ஒலிக்கு இருக்கும். 'பென்' சொன்னால் வாயெதிரே பிடித்த காகிதம் ஆட வேண்டும். 'பெண்' சொல்கிற மாதிரி சொன்னால் ஆடாது.

"அண்ணே, பேப்பர் ஆடுதா?"

"ஆடுது மிஸ்."

மறுநாள் மாலை பச்சைமலை அடிவாரத்தில் அந்த மருந்துக்கடைப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் ஓரம் அவள் இடம். பஸ் டிக்கெட்டை உதட்டெதிரே பிடித்தாள். வாய் திறக்கும் முன்பே அது படபடத்தது.

"மிஸ், இங்க காத்து அடிக்குது!"

முந்தானையால் மறைப்புக் கட்டிக்கொண்டு, மறுபடி டிக்கெட்டைத் தூக்கினாள்.