இருட்டு கொடுக்கும் நீலம்

மார்னிங் குளோரி என்றால் காலை வெளிச்சம் பட்டதும் மலரும் பூ என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெயரே அப்படித்தானே! ஆனால் அந்தப் பூவுக்கு நேரம் குறிப்பது முந்தின நாள் சாயங்காலத்து இருட்டு.

ஜவ்வாது மலை வீடு ஒன்றின் வாசலில் இந்தக் கொடியை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. விதையின் தோல் கெட்டி. லேசாகச் சுரண்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். (விதை விஷம். குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.) ஏறிப் படர ஒரு கயிறு போதும். எரு அதிகமானால் இலைதான் தழைக்கும், பூ குறைந்துவிடும். பூவைப் பார்த்தால் சர்க்கரைவள்ளிக் கொடி ஞாபகம் வரும். வரத்தான் செய்யும், இரண்டும் ஒரே இனம்.

சரி, இருட்டு எங்கே வந்தது?

ஜப்பானில் இந்தச் செடியை வைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 'வயலட்' என்ற ரகத்தின் நாற்றுக்கு ஒரே ஒரு நீண்ட இரவு கிடைத்தால் போதும், மொட்டு வைக்கத் தயாராகிவிடும். அந்த இரவின் நடுவே சில நிமிடம் சிவப்பு வெளிச்சம் காட்டினால் காரியம் கெட்டது! மொட்டு விரிவதற்கும் இருட்டுதான் கணக்கு. இருட்டத் தொடங்கிச் சுமார் 10 மணி நேரத்தில் பூ விரிகிறது. அதாவது மாலை ஆறரைக்கு இருட்டினால், விடியற்காலை நாலரை. சூரியன் வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

படம் எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கேமராவோடு வந்தால், வெயில் ஏறிய நாளில் இதழ் சுருங்க ஆரம்பித்திருக்கும். மதியம் பூவே இல்லை. நிறமும் நிற்காது. 'ஹெவன்லி ப்ளூ' ரகத்தின் மொட்டு சிவப்பு கலந்த ஊதா. விரியும்போது இதழின் செல்லுக்குள் இருக்கும் சாறு காரத்தன்மை பெற்று, நீலமாக மாறுகிறது. வாடும்போது மறுபடி சிவக்கும். போதாததற்கு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஆழ்சிவப்பு ஒளியையும் இந்த இதழ் திருப்பி அனுப்புகிறது. பழைய ஃபிலிம் அதைப் பிடித்துக்கொண்டு, நீலப் பூவை ரோஸ் கலந்த ஊதாவாகக் காட்டிவிடும். ஃப்ளாஷ் இல்லாமல், வெயில் படும் முன் நிழலில் எடுப்பதே நல்லது.

இதே மலையில் இருட்டுக்காகவே வந்து உட்கார்ந்த இன்னொரு ஆளும் உண்டு. காவலூர் வானாய்வகம்! 1960களின் கடைசியில் வேணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, ஊர் விளக்குகள் எட்டாத வானமும் ஒரு காரணம். 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரால் நிற்கிறது. மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்கிற அந்தக் கண்ணாடிக்கும், வாசலில் படரும் கொடிக்கும் வேண்டியது ஒன்றேதான்.

மலையில் இருப்பவர்களுக்கு விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. கரண்ட் வருவதற்கு அவர்கள் காத்திருந்தது போதும். ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகும் விடிய விடிய எரியும் வாசல் விளக்கு யாருக்காக? தேவைப்படும்போது போடலாம், வெளிச்சம் தரையைப் பார்த்து விழும்படி மாட்டலாம், படுக்கும்போது அணைத்துவிடலாம். கொடிக்கு உரம் வாங்கக் காசு வேண்டும். இருட்டுக்கு ஸ்விட்சைத் தட்டினாலே போதும்.