அப்பாவின் ரஜாய்

அப்பா ஜெய்ப்பூரிலிருந்து வாங்கிவந்த ரஜாயை, அவர் மறைந்த மறுமாதம் நான் சோப்பு நீரில் ஊறவைத்தேன். நீரை உண்ட பஞ்சு தூக்கவொண்ணாக் கனமாயிற்று. மொட்டைமாடியில் மூன்று நாள் காய்ந்தும் உள்ளே கட்டிகட்டியாகத் திரண்டு ஈரவாடை வீசியது.

"பஞ்சுப் போர்வைய யாராச்சும் நனைப்பாங்களாடா? உறையைத் துவைச்சு, உள்ளதை வெயில்ல காட்டினாப் போதுமே" என்றாள் அம்மா. பிறகு தையலைப் பிரித்து, கட்டிகளை விரலால் பன்னத் தொடங்கினாள். பனுவல் என்னும் சொல் பஞ்சையும் குறிக்கும், நூலையும் குறிக்கும் என்று வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒருநாளும் பஞ்சைத் தொட்டதில்லை. ஒவ்வொரு கட்டியாக அவிழ, அப்பா இதைப் போர்த்திக் கிடந்த கடைசி மார்கழியை, நான் ஊருக்கு வராத அந்த மார்கழியை, மெல்லச் சொன்னாள். எதிரில் அமர்ந்து நானும் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டேன்.