நாலரை மணிக்குள் திரும்ப வேண்டும்

சொகுசுக் கப்பலில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு ‘ஆல் அபோர்ட்’ என்றால் என்னவென்று தெரியும். கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது, இத்தனை மணிக்குள் எல்லோரும் திரும்பி ஏறிவிட வேண்டும் என்று வைக்கும் கெடு அது. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த பஸ்ஸில் ஊர் பார்க்கப் போய், அந்த பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்களே இறங்கி, நீங்களே வண்டி பிடித்து, நீங்களே ஒரு கடற்கரையைத் தேடிப் போய் நேரம் தவறவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். கரீபியன் துறைமுகங்களில் அப்படித் தவறவிட்டவர்கள் கையில் செருப்பும் தோளில் ஈரத் துண்டுமாக ஓடி வருவதை, மற்ற பயணிகள் மேல்தளத்தில் நின்று கைதட்டிக்கொண்டே வீடியோ எடுப்பார்கள். ஓடுகிறவர்களுக்கு ‘பியர் ரன்னர்’ என்று பெயரே இருக்கிறது. யூடியூபில் தேடிப் பாருங்கள், ஒரு சாயங்காலம் காலி.

இவ்வளவு ரிஸ்க் இருந்தும் ஏன் சிலர் தனியாகப் போகிறார்கள்? காசு மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் புரிந்துகொள்ள லபடீயைப் பார்க்க வேண்டும். ஹைட்டியின் வட கரையில் இருக்கும் இந்தக் கடற்கரையை ராயல் கரீபியன் நிறுவனம் 1986 முதல் குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிறது. சாய்வு நாற்காலி, பார், சறுக்கு விளையாட்டு எல்லாம் உண்டு. சுற்றி வேலியும் உண்டு. கப்பல்கள் அங்கே போய்வந்த காலத்தில் பயணி வேலிக்கு அந்தப் பக்கம் போக முடியாது, அந்தப் பக்கத்து ஆட்கள் அனுமதியில்லாமல் இந்தப் பக்கம் வர முடியாது. ஹைட்டி மண்ணில் நாள் முழுக்க நின்றுவிட்டு ஹைட்டியைப் பார்க்காமலே திரும்ப முடிந்தது. ஜமைக்காவில் வேலி சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் போட்ட 1956ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டப்படி, கடலில் இறங்கிக் குளிக்கும் பொது உரிமை அங்கே பிறந்தவர்களுக்கே கிடையாது. அதை மாற்றச் சொல்லி இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கும் சென்னைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கப்பல்தான் சம்பந்தம்.

பிரான்சின் செயின்ட் நசேரில் கட்டப்பட்டு, 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரோடு அது கடலில் இறங்கியது. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணங்கள். பிறகு ‘எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ்’ என்று பெயர் மாறியது. நடுவில் சில வருடம் ஸ்பானிய நிறுவனத்திடம் இருந்தது, திரும்பி வந்து கியூபாவுக்கெல்லாம் போனது. கோவிட் வந்தது, 2020 கடைசியில் கப்பலை விற்றார்கள். வாங்கியது இந்தியாவின் கோர்டேலியா. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்த அந்தக் கப்பல், 2023 ஜூன் 5 அன்று முதல் தடவையாக இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. முப்பது வருடம் உலகத்தின் அந்தப் பக்கத்தில் ஆட்களைக் கடற்கரைகளில் இறக்கி ஏற்றிய கப்பல், இப்போது நம்மை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போகிறது!

அந்த சீசனில் நானும் மனைவியும் போனோம். அடையாறில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் எலியட்ஸ் பீச்தான். ஷ்மிட் மண்டபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்கத் தெரியும். கடலிலிருந்து ஊரைப் பார்த்தது அன்றைக்குத்தான். கலங்கரை விளக்கமும் சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கூரும் மெதுவாகப் பின்னால் போயின. மனைவி மயிலாப்பூர்க்காரி. “நம்ம தெரு எவ்ளோ கடல் பக்கத்துல இருக்கு பாரேன்” என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னாள்.

காங்கேசன்துறையில் எங்கள் கெடு மாலை நாலரை. கப்பல் பஸ் நல்லூர், நூலகம் என்று ஒரு சுற்று போய் வரும். “பஸ்ல போனா பஸ்ஸைத்தான் பாப்போம்” என்றாள். நான் சாஃப்ட்வேர்க்காரன், எந்த வேலைக்கும் முப்பது சதவீதம் பஃபர் போடாமல் தூக்கம் வராது. மூன்று மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு உள்கெடு வைத்துக்கொண்டேன். கரீபியனில் கப்பல் நேரம் ஒன்று, தீவு நேரம் இன்னொன்று என்று குழம்பி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை, இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். ஆனால் 1996இலிருந்து 2006 வரை அப்படி இருக்கவில்லை. அரசு கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. பத்து வருடம் ஒரே தீவில் இரண்டு நேரம்.

துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக ஓட்டோக்கள் நின்றன. ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார்.

“கப்பல்ல வந்தனீங்களோ?”

“ஆமாண்ணா. பீச்சுக்குப் போகணும்.”

“இஞ்ச ஆமிக்காரற்ற ஹோட்டலுக்கு முன்னால ஒரு கடற்கரை இருக்கு. வாற ஆக்கள் எல்லாம் அங்கதான் போறவை. இல்லாட்டி கீரிமலை.”

மனைவி கேட்டாள், “நீங்க குளிக்கிற பீச் எதுண்ணா?”

அவர் சிரித்தார். “நான் குளிச்ச கடல் மயிலிட்டி. அங்க போவமோ?”

காத்திருந்து திரும்பக் கொண்டுவிட நாலாயிரம் இலங்கை ரூபாய், நம்ம காசில் ஆயிரத்துச் சொச்சம் என்று பேசிக்கொண்டு ஏறினோம்.

மயிலிட்டி கிழக்கே சில கிலோமீட்டர்தான். 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன சீமெந்து ஆலையின் எலும்புக்கூடு தெரிந்தது. வழி நெடுக வீடுகள். கூரை இல்லாத வீடுகள், கதவும் நிலையும் இல்லாத வீடுகள், நடு வீட்டில் மரம் வளர்ந்த வீடுகள். தையிட்டியில், தங்கள் காணியில் விகாரை கட்டிவிட்டார்கள் என்று உரிமையாளர்கள் அந்த வருடம் மே மாதத்திலிருந்து போராடிக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு கையால் காட்டிவிட்டு அவர் வண்டியை நிறுத்தாமல் போனார்.

1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. அவருக்கு அப்போது பதினைந்து வயது.

“ரெண்டு நாளில திரும்பலாம் எண்டுதான் வெளிக்கிட்டனாங்கள். அம்மா கோழியளுக்கு ரெண்டு நாளுக்குக் காணும் எண்டு நெல்லுப் போட்டவ.”

மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றி 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலை 3ஆம் தேதி. இருபத்தேழு வருடம். அதில் பெரும்பகுதி அவருக்கு மல்லாகத்துப் பக்கம் நலன்புரி முகாமில் போனது. கல்யாணம் அங்கே, இரண்டு பிள்ளைகள் பிறந்தது அங்கே, அம்மா செத்ததும் அங்கே. முகாமிலிருந்து அவர் கடலுக்கு ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் போதும். தூரம் பிரச்சினையாக இருந்ததே இல்லை.

நாங்கள் வந்த கப்பல் பஹாமாஸ் கடற்கரைகளுக்கு ஆள் ஏற்றத் தொடங்கிய அதே வருடம்தான் இவர் ஊரை விட்டுக் கிளம்பியது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனாலும் 1990 என்ற எண் அன்று முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மயிலிட்டிக் கடல் அழகு. நம்ம எலியட்ஸ் மாதிரி அலை தூக்கி அடிப்பதில்லை. தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் சோளகக் காற்றில் கரையோரத் தண்ணீர் அநேகமாக அசையாமல் கிடந்தது. இடுப்பளவில் நின்றால் கால் விரல் தெரிகிறது. மனைவி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வள்ளத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நாற்காலி இல்லை, பார் இல்லை, உடை மாற்ற மறைப்பு இல்லை. இரண்டு பையன்கள் ஓடி வந்து சென்னையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி: “லியோ எப்ப ரிலீஸ்?”

தலை துவட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தபோதுதான் அந்தப் படகுகளைப் பார்த்தோம். வள்ளங்களைவிடப் பல மடங்கு பெரிய விசைப்படகுகள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, பெயின்ட் உரிந்து நின்றன. மனைவி முகப்பில் இருந்த எழுத்தை வாசித்தாள். ‘ஐஎன்டி டிஎன்’ என்று தொடங்கியது பதிவெண்.

“உங்கட படகுகள்தான்” என்றார் அவர். “நேவி பிடிச்சுக் கொண்டந்து கட்டினது.”

சென்னையில் இந்தச் செய்தி நமக்கு ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். தமிழக மீனவர்கள் கைது, முதல்வர் கடிதம், ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம். கைதாகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்குப் போனவர்கள், படகு முதலாளி கரையில் இருக்கிறார் என்பதும் உண்மை. அந்தப் படகுகள் கடலடியை வழித்து எடுக்கும் இழுவை மடியோடு வருகின்றன, அந்த முறையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது என்பதும் உண்மை. கடலடியில் வலை விரித்து வைத்துவிட்டு விடியலில் போனால், மடி அதையும் சேர்த்துக் கொண்டு போயிருக்கும். அவருடைய தம்பிக்கு அப்படி இரண்டு தடவை வலை போயிருக்கிறது.

“இருபத்தேழு வருஷம் இந்தக் கடல்ல கால் வைக்கேலாமல் இருந்தனாங்கள். இப்ப இறங்கிப் பாத்தா உங்கட ஆக்கள் நிக்கினம்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ‘உங்கட’ என்ற அந்தச் சொல்தான் கனத்தது. காலையிலிருந்து அவர் பேச்சைக் கேட்டு, ஒரே மொழி, ஒரே சினிமா, ஒரே கடல் என்று மனசுக்குள் ஒரு ‘நம்ம’ உருவாகியிருந்தது. அந்தப் பதிவெண்ணுக்கு முன்னால் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

மனைவிதான் பேசினாள். மயிலாப்பூரில் எல்லோரும் சைவம் என்று நினைப்பவர்களுக்காக: அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மீன் நொச்சிக்குப்பத்திலிருந்துதான் வரும். அந்த ஏப்ரலில், லூப் ரோட்டில் மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து அகற்றச் சொன்னதும், குப்பத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கிப் போராடியதும் அவளுக்கு நேரில் தெரியும். ரோடு வருவதற்கு முன்பே குப்பம் இருந்தது என்று அந்தக் கதையைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அங்கயும் கரையில இருக்கிற ஆக்களைத்தான் அரக்கச் சொல்லுறாங்கள் என்ன?” என்றார். நியாயம் எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பேச்சு திரும்ப ஓடியது.

“வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

வீடு என்று அவர் சொன்னது இடுப்பளவு எழுந்த சுவர். 2017இல் வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒரே பற்றை. கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடி அளந்துதான் எல்லையைக் குறித்தார்களாம். பக்கத்துக் காணியில் இருந்த அவருடைய அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் போனை எடுத்து மணி பார்ப்பதற்குள் அவரே சொன்னார், “இரண்டே முக்கால். உங்களுக்கு நாலரைதானே, நான் கொண்டுபோய் விடுவன்.” அன்று எங்கள் கெடுவை எங்களைவிட அவர்தான் அதிகமாக ஞாபகம் வைத்திருந்தார். அதைச் சொன்னதும் தோளைக் குலுக்கினார்.

“நேரம் சொல்லி விட்டா மனுசன் நேரத்துக்கு வருவான்.”

சுயமாகப் போவது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். அதில் சாகசம் ஒன்றும் பெரிதாக இல்லை. பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது, கப்பலில் அறை இருக்கிறது, நாலரைக்கு நம்மை எண்ணிப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். திரும்பும் நேரம் தெரிந்தவனின் ஊர்சுற்றல் இது. பியர் ரன்னர் வீடியோவைப் பார்த்துச் சிரிக்க முடிவதும் அதனால்தான், மிஞ்சிப் போனால் ஒரு விமான டிக்கெட் செலவு. ஆனால் தனியாகப் போவதில் ஒன்று உண்மையாகவே கிடைக்கிறது. பஸ்ஸில் போனால் அந்த ஊரில் யாருடைய தயவும் நமக்குத் தேவைப்படாது. தனியாகப் போனால் வழிக்கு, வண்டிக்கு, நேரத்துக்கு, தண்ணீருக்கு எல்லாம் அந்த ஊர் ஆள் வேண்டும். அவர் எந்தக் கடலைக் காட்டுகிறாரோ அதைத்தான் பார்ப்போம். அங்கே கட்டிக் கிடக்கும் நம்ம ஊர்ப் படகையும் சேர்த்து.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது துறைமுக வாசலில் இறங்கினோம். பேசிய காசுக்கு மேல் கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தந்தார்.

அந்த அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு விட்டார்கள். சில நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்ட் 16இல் மறுபடி தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், நாலு மணி நேரம். அதில் போகிறவர்களுக்கு ஆல் அபோர்ட் கிடையாது, எத்தனை நாள் தங்குவது என்பது அவரவர் விருப்பம். அந்தச் செய்தியை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டிய ஒரு வாசல் நிலை. கீழே ஒரு வரி: “நிலை வச்சாச்சு. வந்தா இஞ்சதான் நிக்கோணும்.”