ஏழரை ரூபாய்க்கு ஒரு நாய்!

ஏழரை என்றாலே நம்மவர்களுக்குச் சனி பகவான்தான் ஞாபகத்துக்கு வருவார். எனக்கு மட்டும் ஒரு நாய் ஞாபகம் வரும். அதுவும் சிரிக்கிற நாய்!

அசமஞ்ச பாபு என்று ஒரு குமாஸ்தா. கல்கத்தா பவானிபூரில் இரண்டு ரூம் வீடு. பிரம்மச்சாரி. (ஆகவே நாய் வளர்க்க யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை!) ஹாசிமாரா சந்தையில் ஒரு பூட்டான்காரரிடம் பேரம் பேசி, ஏழரை ரூபாய்க்கு ஒரு குட்டியை வாங்கி வருகிறார். பிரௌனி என்று பெயர் வைக்கிறார். ஒருநாள், ஆட்டம் கண்ட நாற்காலி உடைந்து பாபு தரையில் விழுகிறார். ஏதோ விநோதமான சத்தம். திரும்பிப் பார்த்தால்... பிரௌனி சிரிக்கிறது!

எழுதியவர் சத்யஜித் ரே. சினிமா எடுத்த அதே ரேதான். அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் 1913ல் 'சந்தேஷ்' என்று குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். வங்காளியில் சந்தேஷ் என்றால் செய்தி என்றும் அர்த்தம், ஸ்வீட் என்றும் அர்த்தம். நடுவில் நின்று போயிருந்த அந்தப் பத்திரிகையை 1961ல் பேரன் ஒரு நண்பரோடு சேர்ந்து மறுபடி கொண்டு வந்தார். அதற்காகப் பேனா எடுத்தவர், அப்புறம் கடைசி வரை குழந்தைகளுக்காக எழுதிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதை ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு வழியில். 1986ல் பாங்க்கில் என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். லேக் மார்க்கெட் பக்கம் மாடி போர்ஷன். காப்பிப்பொடி, கறிவேப்பிலை எல்லாம் காலடியில் கிடைக்கிற பேட்டை. கீழே வீட்டுக்கார அம்மாள். எல்லோருக்கும் 'மாஷிமா'. அவர் வங்காளிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எட்டு வயசு என் பெண்ணுக்கு உடைந்த ஹிந்தியில் கதை சொல்வார். அவள் மாடி ஏறி வந்து அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள். ஆக, மூன்று மொழி தாண்டி வந்து சிரித்த நாய் பிரௌனி!

கதையின் முடிவு இதுதான். சிரிக்கும் நாயைப் பற்றிப் பேப்பரில் செய்தி வந்து, ஓர் அமெரிக்கர் தேடி வருகிறார். இருபதாயிரம் டாலர் தருகிறேன் என்று செக் எழுதத் தயாராகிறார். அந்த நேரம் பார்த்துப் பிரௌனி சிரிக்கிறது. 'ஏன் சிரிக்கிறது?' என்கிறார் அமெரிக்கர். பணத்தால் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்களே, அதற்குத்தான் என்கிறார் பாபு. இவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டி அமெரிக்கர் கிளம்பிவிடுகிறார்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. விலை ஏழரை ரூபாய்கூட இல்லை. 1987 துர்கா பூஜை சமயம் மாடிப்படியில் ஒதுங்கிய தெருக்குட்டி. வந்த அன்றே மாஷிமா கொடுத்தனுப்பிய சந்தேஷ் டப்பாவைக் காலி பண்ணியதால் 'மிஷ்டி' என்று பெயர் வந்தது. வங்காளியில் இனிப்பு. குணத்துக்கும் பேருக்கும் சம்பந்தமில்லை!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் மனைவி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். மிஷ்டி பெருமையாக உள்ளே வந்து, மாஷிமா சமையலறையில் திருடிய மீன் தலையைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. நாங்களோ வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற குடும்பம்!

''இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்லே நான் இருக்கணும்!'' என்றாள் மனைவி.

நானும் பெண்ணும் யோசிக்க ஆரம்பித்தோம். நாங்கள் யோசித்ததுதான் அவளுக்கு இன்னும் கோபம்.

1990ல் மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. பக்கத்து வீட்டு வியாபாரி ஒருவர், அவர் பையன் மிஷ்டியோடு விளையாடிப் பழகியவன், நேரே வந்து ஆயிரம் ரூபாயை மேஜை மேல் வைத்தார். அப்போது அது எங்கள் மூன்று மாத மளிகைக்காசு. நான் மனைவியைப் பார்த்தேன். மீன் தலையை அவள் மறந்திருக்கவில்லை என்று முகமே சொல்லியது. பெண் மட்டும் தரையில் உட்கார்ந்து மிஷ்டியின் மூஞ்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

''என்னடி பாக்கறே?''

''சிரிக்கிறதான்னு பாக்கறேம்மா.''

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தனக்குத் தெரிந்த ஹிந்தியில், ''இது விக்கறதுக்கு இல்லே பாய் சாப், மன்னிச்சுக்கோங்கோ'' என்றாள்.

நாயை ரயிலில் கொண்டு போவது லேசுப்பட்ட காரியமா? முதல் வகுப்பில் கூப்பே முழுசும் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியில் நாய்க்கூண்டு. சோறு தண்ணீர் எல்லாம் நம் பொறுப்பு. நாங்கள் கூண்டுக் கட்சி. மெட்ராஸ் மெயில் பெரிய ஸ்டேஷன்களில் நிற்கும்போதெல்லாம் கடைசிப் பெட்டிக்கு ஓட்டம். புவனேஸ்வரத்தில் நான் ஓடினேன். விசாகப்பட்டினத்தில் பெண்ணும் நானும். விஜயவாடாவில் எங்களை முந்திக்கொண்டு தயிர்சாதப் பொட்டலத்தோடு ஒருத்தி ஓடினாள். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓடி நான் பார்த்ததில்லை. ''சனியனே, தண்ணியாவது குடிச்சியா?'' என்று கம்பிக்குள் கையை விட்டுத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கார்டு பச்சைக்கொடி காட்டும் வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

மிஷ்டி 2000 வரை இருந்தது. அப்புறம் இன்னொரு நாய் வளர்க்கலாமா என்று கேட்டதற்கு மனைவி பதிலே சொல்லவில்லை. ஆனால் பேத்திக்கு அசமஞ்ச பாபு கதை சொல்வது அவள்தான். ஒவ்வொரு தடவையும் அமெரிக்கரின் ரேட் ஏறிக்கொண்டே போகிறது. போன வாரம் இருபது லட்சம் டாலர் வரை போய்விட்டது. விலைவாசி அப்படி! சந்தையில் பாபு கொடுத்த ஏழரை ரூபாயை மட்டும் அவள் மாற்றுவதே இல்லை.