பிள்ளைக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலின் நீரை நீக்கிப் பார்த்தால் முதலிடம் லாக்டோஸுக்கு, அடுத்தது கொழுப்புக்கு. மூன்றாவதாக மிகுந்திருப்பவை ஒலிகோசாக்கரைடு எனப்படும் சிக்கலான சர்க்கரைகள். விந்தை என்னவெனில், இவற்றைச் செரிக்கும் நொதிகள் பிள்ளையின் குடலில் இல்லை. தாய் தன் உடலைக் கரைத்து ஆக்கும் உணவில் கணிசமான ஒரு பகுதி, பிள்ளையின் பசியை ஆற்றாமலே பெருங்குடலைச் சென்றடைகிறது. உயிரியலில் இத்தகைய ஊதாரித்தனம் நெடுங்காலம் நிலைப்பதில்லை. அப்படியானால் அந்த உணவு வேறு யாருக்கோ சமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த விருந்தாளியை 1899இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே கண்டார். தாய்ப்பால் அருந்தும் பிள்ளைகளின் மலத்தில், கவட்டைக்கோல் போல இரு கிளையாய்ப் பிரிந்த ஒரு பாக்டீரியா மிகுந்திருந்தது. இன்று பிஃபிடோபாக்டீரியம் எனப்படும் அப்பேரினத்துள் 'இன்ஃபாண்டிஸ்' என்னும் வகை, மேற்சொன்ன சர்க்கரைகளை உண்பதில் தனித்திறன் வாய்ந்தது. உண்டபின் அது லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. குடல் புளிக்கிறது, அப்புளிப்பில் நோய் விளைக்கும் பல பாக்டீரியாக்கள் தழைக்க இயலுவதில்லை. அடுக்களை அறிந்தவர்க்கு இதில் புதுமை இல்லை. நல்ல உறைமோர் முந்திக்கொண்ட பால் எளிதில் கெடுவதில்லை அல்லவா?

இவ்வுண்மையைத் தமிழில் சொல்ல முற்படும்போது ஒரு சொல் குறுக்கே நிற்கிறது. 'கிருமி' வடமொழியில் புழுவைக் குறித்தது. தமிழிலும் அது புழு, பூச்சி என்னும் பொருளிலேயே வழங்கியது. நுண்ணுயிரியல் வந்தபின் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் அப்பெயர் சென்றது. 'நோய்க்கிருமி' என்னும் தொகைச்சொல்லைக் கூர்ந்து நோக்கினால், நோய் விளைக்காத கிருமிகளும் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்வது புலப்படும். ஆயினும் அடைமொழியின் பொருளை முழுவதும் 'கிருமி' விழுங்கிவிட்டது. இன்று 'நல்ல கிருமி' என்றால் கேட்பவர் காதில் அது முரணாகவே ஒலிக்கிறது. நடுநிலையான 'நுண்ணுயிரி' பாடநூலில் இருக்கிறது. சோப்பு விளம்பரத்திலும் மருந்துக்கடையிலும் 'கிருமி'தான் ஆள்கிறது. பெயரே பகையாகிவிட்ட ஒன்றைப் பேணுவது பற்றி எவரிடம் பேசுவது?

பேசியாக வேண்டிய இடம் ஒடிசாவில் இருக்கிறது. பிறந்த சில வாரங்களுக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோகும் நோய்களுள் செப்சிஸ் எனப்படும் குருதித் தொற்று முதன்மையானவற்றுள் ஒன்று. பச்சிளங்குழந்தையின் குடற்சுவர் இன்னும் முதிராதது. குடலில் உள்ள தீய பாக்டீரியாக்கள் அதைக் கடந்து குருதியில் கலக்கக்கூடும். பினாகி பாணிகிரகியின் ஆய்வுக்குழு ஒடிசாவின் 149 சிற்றூர்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளைத் தேர்ந்தது. அனைவரும் 2,000 கிராமுக்குக் குறையாத எடையும் தாய்ப்பாலும் பெற்றவர்கள். ஒரு பிரிவினருக்கு 7 நாட்கள் லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்னும் பாக்டீரியாவும், அதற்குத் துணையுணவாக ஒரு சர்க்கரையும் வாய்வழி அளிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு அவை இல்லாத வெறுந்தூள். அறுபது நாள் கண்காணிப்பின் முடிவில், செப்சிஸுக்கோ இறப்புக்கோ ஆளானோர் வெறுந்தூள் பிரிவில் 9 விழுக்காடு; மற்றதில் 5.4 விழுக்காடு. 2017இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. எதையும் கொல்லாமல், ஒன்றை முன்னதாகக் குடியமர்த்தியதால் நேர்ந்த குறைவு அது.

இதைக் கண்டு கடையில் கிடைக்கும் புரோபயாடிக் பொட்டலத்தை வாங்கிப் பிள்ளைக்குப் புகட்டிவிடக் கூடாது. அந்த ஆய்வு ஒரு குறிப்பிட்ட வகைக்கும், ஓரளவு நிறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கும் உரியது. குறைமாதக் குழந்தை ஒன்று, புரோபயாடிக்காகத் தரப்பட்ட பாக்டீரியாவே குருதியில் கலந்து இறந்ததை அடுத்து, 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களை எச்சரித்தது. நண்பனும் இடம் மாறினால் பகைவனே.

பொட்டலம் வேண்டாத ஒரு வழி முன்பே இருக்கிறது. அதில்தான் நம் நாடு தடுமாறுகிறது. 2019–21இன் ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 88.6 விழுக்காடு மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றோர் 41.8 விழுக்காட்டினரே. மருத்துவச்சியின் அறியாமை என்று பழிபோட இனி வழியில்லை. தாயும் பிள்ளையும் செவிலியரின் கண்ணெதிரேயே இருக்கின்றனர். அறுவைப் பேறானால் தாய் ஒரு கூடத்தில், பிள்ளை வேறொரு கூடத்தில். பிரிட்டனில் 596 பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அறுவையால் பிறந்தோர் குடலில் மருத்துவமனைச் சூழலுக்குரிய பாக்டீரியாக்கள் மிகுந்திருந்ததைக் காட்டியது. அவ்வேறுபாடு மாதங்கள் செல்லச் செல்லப் பெரிதும் மங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறுவைக்கு உள்ளான தாய்மார் குற்றவுணர்வு கொள்ள ஏதுமில்லை.

இடைப்பட்ட அந்த நேரத்தில் பிள்ளையின் நாவில் படுவது எது? தமிழகத்தில் 'சேனை', வடக்கே 'குட்டி'. தேனோ சர்க்கரை நீரோ, பெரியவர் ஒருவரின் விரலால் அன்போடு தொட்டு வைக்கப்படுகிறது. மஞ்சள் நிறச் சீம்பாலோ, பல வீடுகளில் இன்றும் 'கெட்ட பால்' என்று பீய்ச்சி எறியப்படுகிறது. முதல் நாளில் அது சில தேக்கரண்டி அளவே சுரக்கும். பிள்ளைக்குச் செரிக்காத அந்தச் சர்க்கரைகள் பின்னாளைய பாலைக் காட்டிலும் அதில்தான் செறிந்திருக்கின்றன.