பந்தல் நிழலில் பன்னீர் திராட்சை... நிலக்கோட்டையிலிருந்து ஒரு நாள் ட்ரிப்!

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் நடக்கும் காலை நேரத்தில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் திராட்சைப் பந்தலுக்குள் நிற்கலாம். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, உத்தமபாளையம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ல் பென்னிகுக் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் இங்கே வயலுக்கும் தோட்டத்துக்கும் உயிர்.

சுருளி அருவி செல்லும் சாலையில், சுருளிப்பட்டியில் தலைக்கு மேலே கறுப்புக் கொத்துகள் தொங்குகின்றன. இந்தப் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் ‘மஸ்கட் ஹாம்பர்க்’. ஜூஸுக்கும் ஏற்றது, ஒயினுக்கும் ஏற்றது. மற்ற ஊர்களில் சீசன் முடிந்தாலும், இங்கே ஆண்டு முழுக்கப் பழம் உண்டு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், இதன் தோல் மெல்லியது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து அழுகிவிடும். பறித்த பழமும் அதிக நாள் தாங்காது. வந்த விலைக்கு விற்பதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. அதனால், ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். தோட்டத்து வாசலில் வாங்கும் இரண்டு கிலோவின் காசு, நேராக அவர் கைக்குப் போகும்.

மருந்து தெளித்திருப்பார்கள் என்பதால், நன்றாகக் கழுவிய பிறகே குழந்தைகளுக்குக் கொடுங்கள். திரும்பும்போது பையின் அடியில் வைத்துவிடாதீர்கள். ஊர் வருவதற்குள் ஜூஸாகிவிடும்!