மிருகக்காட்சிச்சாலையும் நாமும்

ஹ்விடோவ்ரேயில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் கொப்பன்ஹேகன் மிருகக்காட்சிச்சாலையைப் பாராத குடும்பம் ஒன்றேனும் இருக்குமென நாம் எண்ணவில்லை. வல்பியைக் கடந்து, குன்றின்மேல் ஏறி, சொண்டர்மார்க்கன் பூங்காவின் மரங்களினூடே நடந்தால் ரொஸ்கில்டே வீதியை அடைந்துவிடலாம். அவ்வீதியின் மறுபுறத்தில் அதன் வாயில். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் முதலிற் கடற்கன்னி சிலை; அடுத்தது மிருகக்காட்சிச்சாலை. இவ்விரண்டையும் காட்டிவிட்டால் டென்மார்க்கையே காட்டியாயிற்று என்ற மனநிறைவு எமக்கு உண்டாகும். இவ்வாறு பல ஆண்டுகளாகப் பலமுறை சென்று நாம் கண்டவற்றையும், எம்முடன் வந்தோர் கண்டு சொன்னவற்றையும் இவ்விழா மலரிற் பதிவு செய்ய விழைகின்றோம்.

நாம் முதன்முதலாக அங்கு சென்றது 1988ஆம் ஆண்டு வசந்த காலத்தில். அன்று நுழைவுச்சீட்டின் விலை எமக்குப் பெருஞ்செலவு. ஆதலால் உணவுக்குப் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு சென்றோம். உள்ளே மரத்தாலான உயர்ந்த கோபுரம் ஒன்று உண்டு. 1905ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அக்கோபுரத்தின் உயரம் 43.5 மீற்றர். அதன் உச்சியில் நின்றபோது எமது மூத்த பிள்ளை கையை நீட்டி, “அப்பா, இதில இருந்து பார்த்தால் அம்மம்மா வீடு தெரியுமோ?” என்று கேட்டது. தெளிந்த வானம். கடலுக்கு அப்பால் தெரிந்தது சுவீடன் நாடு. “தெரியாது, குஞ்சு” என்று சொல்லுவதற்கு எமக்குச் சிறிது நேரம் எடுத்தது.

இம்மிருகக்காட்சிச்சாலையின் வரலாறு மாணவர்கள் அறியவேண்டிய ஒன்று. பறவையியலாளரான நீல்ஸ் கியர்பொலிங் என்பவர் 1859ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தார். ஐரோப்பாவின் பழைமையான மிருகக்காட்சிச்சாலைகளுள் இதுவும் ஒன்று. ஆனால் அன்று அங்கே சிங்கமும் இல்லை, யானையும் இல்லை. ஆந்தைகள், கோழிகள், தாராக்கள், முயல்கள், ஒரு நரி, ஒரு வான்கோழி, குளியற் தொட்டியொன்றில் ஒரு கடல்நாய், இவையே முதற் காட்சிப் பிராணிகள். இதனைப் படித்தபோது எமக்கு எமது தமிழ்ப் பாடசாலையின் ஆரம்ப நாட்கள் நினைவுக்கு வந்தன. இரவல் வாங்கிய ஓர் அறை, ஒளிப்பிரதி எடுத்த அரிச்சுவடி, வெவ்வேறு வயதுடைய ஒரு கைப்பிடிப் பிள்ளைகள். தொட்டிக்குள் இருந்த கடல்நாயைப் பார்த்து அன்று சிரித்தவர்களும் இருந்திருப்பர்.

இதன் பரப்பு இன்றும் ஏறத்தாழ 11 ஹெக்டேயர் மட்டுமே. அதாவது 27 ஏக்கர். அதையும் ரொஸ்கில்டே வீதி ஊடறுத்துச் செல்கின்றது. தொடக்க காலத்தில் எத்தனை வகைப் பிராணிகளைக் காட்ட முடியும் என்பதே நோக்கமாக இருந்தது. வகைகள் கூடக் கூடக் கூடுகள் சிறுத்தன. பின்னர் நோக்கம் மாறியது. வகைகளைக் குறைத்து, இருப்பவற்றுக்கு இடத்தைக் கூட்டினர். இம்மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. 1907ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரருகே கார்ல் ஹாகன்பெக் என்பவர் இரும்புக் கம்பிகளை நீக்கி, அகழிகளால் மிருகங்களையும் மனிதரையும் பிரித்துக் காட்டினார். அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிற் குடியேறி மிருகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அச்சேகரிப்பே 1936ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் கைக்கு வந்து தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையாயிற்று. ஆகவே நாம் சிறுவயதில் யாழ்தேவியில் ஏறிச் சென்று பார்த்த தெஹிவளைக்கும் ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளுக்கும் ஒரு குடும்ப உறவு உண்டென்பது பலருக்கு வியப்பைத் தரலாம்.

எம்முடன் வந்தவர்களின் அபிப்பிராயங்கள் பலவிதம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எமது மாமியாரைச் சிறுவர் பகுதிக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஆடுகளும் முயல்களும். டெனிஷ் பிள்ளைகள் ஆடுகளைத் தடவி மகிழ்ந்துகொண்டிருந்தனர். மாமி சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இந்த ஆட்டைப் பார்க்கவோ காசு குடுத்து வந்தனாங்கள்?” என்றார். ஆயினும் அடுத்த கணமே ஓர் ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்து, “நல்ல இனம், பால் மடியும் நல்லம்” என்று சான்றிதழும் வழங்கினார். 2013ஆம் ஆண்டில் துருவக் கரடிகளுக்கான புதிய பகுதி திறக்கப்பட்டது. நீருக்கடியிலான கண்ணாடிச் சுரங்கத்தில் நின்றால் கரடி எமது தலைக்குமேல் நீந்திச் செல்லும். அதைப் பார்த்த மாமி, “இதுக்கு இந்தக் குளிர் சுகம். எங்களுக்குத்தான் அவதி” என்றார். அருகில் நின்ற டெனிஷ் மூதாட்டி இதன் பொருளைக் கேட்டறிந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

எமது மனத்தை எப்பொழுதும் இழுப்பவை யானைகளே. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. சிறுவயதில் ஓர் ஆலயத் திருவிழாவில், காலிற் சங்கிலி பூண்ட யானையொன்று மேளத்திற்கேற்ப உடலை இருபுறமும் அசைத்து ஆடுவதாக எண்ணி நாமும் கைதட்டினோம். தெஹிவளையில் மாலை வேளையில் யானைகள் காட்டும் நடனத்தையும் அவ்வாறே இரசித்தோம். நெடுநேரம் கட்டிவைக்கப்படும் யானை ஓயாது உடலை அசைத்துக்கொண்டிருப்பது மகிழ்ச்சியின் அடையாளமன்று, அடைபட்ட நிலையின் அடையாளம் என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். அன்று மேளம் ஓய்ந்த பின்னும் அந்த யானை அசைந்துகொண்டே நின்றது. அது எமது நினைவில் நன்றாக இருக்கின்றது. ஆனால் அன்று அதன் பொருளை நாம் கேட்கவில்லை.

கொப்பன்ஹேகனில் 1914ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட யானை இல்லத்திற்குப் பதிலாக, பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நோர்மன் பொஸ்டர் வடிவமைத்த புதிய இல்லம் 2008ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. நிலத்தைத் தோண்டி இறக்கிய மண்டபங்கள், மேலே இரண்டு கண்ணாடிக் குவிமாடங்கள், வெளியே நீராடக் குளம். பெண் யானைகளும் கன்றுகளும் காட்டில் உறங்குவதுபோல ஒன்றாகக் கூடி உறங்க இடம் உண்டு. வளர்ந்த ஆண் யானைக்குத் தனியிடம். இப்பிரிவினை இயற்கையை ஒட்டியது. காட்டிலும் மூத்த பெண் யானையே கூட்டத்தை நடத்துகின்றது. ஆண் யானை வளர்ந்ததும் விலகிச் செல்கின்றது. எம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஆகவேதான் ஆணுக்குக் களிறு என்றும், பெண்ணுக்குப் பிடி என்றும், குட்டிக்குக் கன்று என்றும் தனித்தனிப் பெயர் இட்டனர். வகுப்பிற் சொல்லிக்கொடுத்தபோது கொட்டாவி விட்ட மாணவர்கள், குவிமாடத்தின் கீழ் நின்று இச்சொற்களைத் தாமாகவே கூறியதைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம்.

எல்லா நினைவுகளும் இனியனவல்ல. 2014ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் மாரியுஸ் என்னும் பெயருடைய ஒட்டகச்சிவிங்கி அங்கே கொல்லப்பட்டது. அதற்கு இளம் வயது. நோய் எதுவுமில்லை. அதன் மரபணுக்கள் ஐரோப்பிய இனவிருத்தித் திட்டத்தில் ஏற்கெனவே போதியளவு உள்ளன என்றும், நெருங்கிய உறவுகளிடையே இனவிருத்தி நிகழ்வதைத் தவிர்க்கவேண்டும் என்றும் நிர்வாகம் விளக்கமளித்தது. பிள்ளைகளும் பார்த்திருக்க அதன் உடல் அறுத்துக் காட்டப்பட்டு, இறைச்சி சிங்கங்களுக்கு இடப்பட்டது. உலகெங்குமிருந்து கண்டனங்கள் எழுந்தன. டெனிஷ் மக்கள் பலர், இயற்கையைப் பிள்ளைகளுக்கு மறைக்கத் தேவையில்லை என்றனர்.

அவ்வாரம் எமது தமிழ் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. விவாதமே நடந்தது. ஒரு மாணவி கண்கலங்கி, “அதை வேற இடத்துக்குக் குடுத்திருக்கலாம்தானே” என்றாள். உண்மையில் அதனை ஏற்க வேறு இடங்கள் முன்வந்தும் இருந்தன. இன்னொரு மாணவன் எழுந்து, “நேற்று எங்கட வீட்டில ஆட்டிறைச்சிக் கறி. அதுக்கு ஒருத்தரும் அழேல்லை” என்றான். பெற்றோர் பகுதியிலிருந்து சிரிப்பொலி எழுந்து உடனே அடங்கியது. எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இருவரும் எழுதிய கட்டுரைகளுக்கும் ஒரே புள்ளி வழங்கினோம். கொலை தேவையற்றதென்றே எமது மனம் இன்றும் சொல்கின்றது. ஆயினும் அம்மாணவனின் கேள்வியை எம்மால் ஒதுக்க முடியவில்லை.

இதனினும் கடினமான பாடமொன்றை வேறொரு மாணவி எமக்குக் கொண்டுவந்தாள். டெனிஷ் பாடசாலையில் ஓர் ஒப்படைக்காகத் தேடியபோது அவள் அறிந்தது இது: 1901ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டெம்பர் வரை இதே மிருகக்காட்சிச்சாலையில், இந்திய ஆண்களும் பெண்களுமாக 25 பேர் காட்சிக்கு வைக்கப்பட்டனர். ஓலைக் குடிசைகளால் ‘இந்தியக் கிராமம்’ ஒன்று அமைக்கப்பட்டு, அதில் அவர்கள் வாழ்வதைப் பொதுமக்கள் பார்த்துச் சென்றனர். அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் இருந்தது. நாம் மேலே கூறிய ஹாகன்பெக்கும் இத்தகைய காட்சிகளை நடத்தியவரே. வல்பிக்கு அருகே கார்ல்ஸ்பேர்க் பகுதியில் நான்கு கருங்கல் யானைகள் தாங்கி நிற்கும் அழகிய வாயில் எழுந்ததும் அதே 1901ஆம் ஆண்டில்தான்.

இதனைக் கேட்ட பெற்றோர் சிலர், பிள்ளைகளுக்கு ஏன் இதைச் சொல்லவேண்டும் என்றனர். அவர்களின் மனவேதனை எமக்குப் புரிகின்றது. இந்நாட்டில் எமது முதற் குளிர்காலத்தில், சேலைக்குமேற் பெரிய மேலங்கி அணிந்து பேருந்துக்குக் காத்து நின்றபோது பார்த்துச் சென்ற கண்களை நாமும் மறக்கவில்லை. ஆயினும் சொல்லவேண்டும் என்பதே எமது கருத்து. 1901இல் அக்குடிசைகளைப் பார்த்துச் சென்றவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகளின் கையைப் பிடித்து ஞாயிற்றுக்கிழமை உலாவ வந்த பெற்றோர்கள். ஆலயத்து யானையைப் பார்த்துக் கைதட்டிய நாமும் கொடியவர்கள் அல்லோம். கண்முன்னே உள்ளதை இருக்கவேண்டியவாறே இருக்கின்றது என்று நம்பிவிட்டோம், அவ்வளவுதான். யாரோ சிலர் நின்று, இது சரியா என்று கேட்டதனாலேயே குடிசைகள் அகன்றன, கம்பிகள் அகன்றன, குவிமாடங்கள் எழுந்தன. அக்கேள்விகள் இன்னும் முடிந்துவிடவில்லை.

2019ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து பண்டாக் கரடிகள் வந்தபின், எமது பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். வட்ட வடிவமான புதிய வீட்டில் மூங்கில் தின்னும் அக்கரடிகளைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல யானைகளிடம் வந்தோம். “தாத்தா, இந்த யானையின்ர ஊர் எது?” என்று இளையவன் கேட்டான். 1960களில் தாய்லாந்து மன்னர் அன்பளிப்புச் செய்த யானைகள் பற்றியும், இங்கேயே பிறந்த கன்றுகள் பற்றியும் நாம் விளக்கத் தொடங்கினோம். அதற்குள் மூத்தவள், “இங்க பிறந்திருந்தால் ஊர் கொப்பன்ஹேகன். ஆனால் ஆசிய யானை” என்று முடித்துவிட்டாள். இளையவன் சிறிது யோசித்து, “அப்ப என்னைப் போல” என்றான். கோபுர உச்சியில் அவனுடைய தந்தை கேட்ட கேள்வியை எண்ணி நாம் அமைதியாக நின்றோம். அன்றும் சரி, இன்றும் சரி, விடை தேடியவர்கள் நாம்தாம். பிள்ளைகள் கேட்டுவிட்டு அடுத்த கூட்டிற்கு ஓடிவிட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, மிருகக்காட்சிச்சாலைக்கு அடுத்துள்ள பிரெடெரிக்ஸ்பேர்க் பூங்காவினுள் நடந்தால், நுழைவுச்சீட்டு இன்றியே யானைகளின் முற்றத்தைப் பார்க்கலாம். 1988இல் இந்த வசதி இருந்திருந்தால் எமது பணப்பைக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்! ஒரு நாள் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். விரலை நீட்டுமுன் அங்கு நிற்பது களிறா, பிடியா, கன்றா என்று தமிழிற் சொல்லுங்கள். சற்று நேரம் நின்று, அது என்ன செய்கின்றது என்று உற்று நோக்குங்கள். வீட்டிற்கு வந்து, கண்டதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அதனை நாம் ஆவலுடன் எதிர்பார்த்திருப்போம்.